எழுபத்தெட்டு வயதில் ஒரு பறப்பு

என் எழுத்துமேசையின்மீது ஒரு சிறிய மர விமானம் நிற்கிறது. தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகையை அறுத்துத் தேய்த்து, என் தந்தையார் 1982ஆம் ஆண்டின் இறுதியிற் செய்தது அது. பதுளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் கந்தோரில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பணிபுரிந்தவர் அவர். விமானத்தில் ஒருநாளேனும் ஏறியவரல்லர். ஆயினும் வானிற் பறந்த ஒரு மனிதரைத் தம் வாழ்நாள் முழுவதும் மனத்திற் கொண்டிருந்தார். அம்மனிதர் ஜே. ஆர். டி. டாட்டா.

1904ஆம் ஆண்டு ஜூலை 29ஆந் திகதி பாரிஸ் மாநகரிற் பிறந்தவர் ஜே. ஆர். டி. தந்தை பார்சி வணிகர். தாய் பிரெஞ்சு நங்கை. பிரான்சின் வடகரையில் ஆர்டெலோ என்னும் கடற்கரையூரில் அவர்கள் கோடைகாலத்தைக் கழிப்பது வழக்கம். 1909இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதல் விமானத்திற் கடந்த லூயி பிளேரியோவின் வீடும் அவ்வூரிலேயே இருந்தது. மணற்பரப்பில் விமானங்கள் வந்திறங்குவதைப் பார்த்து நின்ற சிறுவனுக்கு, பதினைந்தாம் வயதிற் சிறிது நேரம் பயணியாக ஏறிப் பறக்கும் பேறு கிட்டியது. அன்று பற்றிய ஆசை பின்னர் அவரை விட்டு நீங்கவேயில்லை.

1929ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆந் திகதி, இந்திய பர்மிய விமானக் கழகம் வழங்கிய முதலாம் இலக்கச் சான்றிதழ் அவர் கைக்கு வந்தது. தமக்கையார் சில்லாவும் விமானமோட்டக் கற்றவரே. அடுத்த ஆண்டில் ஆகா கான் அறிவித்த பரிசுக்காக, இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தனித்துப் பறந்தார். எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்த ஆஸ்பி எஞ்சினியர் என்ற இளைஞர், இயந்திரத்துக்கு வேண்டிய தீப்பொறிச் செருகி இல்லாமல் எகிப்திலே தங்கியிருந்தார். போட்டியாளர் என்றும் பாராமல், தம்மிடம் மேலதிகமாக இருந்ததை ஜே. ஆர். டி. அவருக்குக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் அந்த இளைஞரே வென்றார். பிற்காலத்தில் அவர் இந்திய விமானப் படைக்குத் தலைமை தாங்கினார்.

வணிகர் வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்காகவே இது முடிந்திருக்கலாம். அதனைத் தொழிலாக மாற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தவர், ஆங்கில விமானப் படையிற் பணிபுரிந்த நெவில் வின்சென்ட் என்பவர். இலண்டனிலிருந்து கராச்சிவரை விமானத்தில் வந்த தபாலைத் தெற்கே கொண்டுசெல்வதே அத்திட்டம். அரசாங்கத்தின் இசைவுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்க நேர்ந்தது. இறுதியில், 1932ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி காலை, புஸ் மொத் என்னும் ஒற்றை இயந்திர விமானத்திலே தபாற் பைகளுடன் ஜே. ஆர். டி. கராச்சியை விட்டெழுந்தார். வானொலித் தொடர்பு இல்லை. நிலப்படமும் கண்ணுமே வழிகாட்டின. அகமதாபாத்தில் விமானத்துக்கு வேண்டிய பெற்றோல் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தது. பிற்பகலில் பம்பாயின் ஜூஹு வெளியில் அவர் இறங்கினார். அங்கிருந்து தபாலைப் பெற்று, பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசென்றவர் வின்சென்ட். மழைக்காலத்தில் ஜூஹு வெளி சேறாகிவிடுமாதலால், அம்மாதங்களிற் புனாவையே அவர்கள் நாடவேண்டியிருந்தது. இத்தனை எளிய தொடக்கத்திலிருந்தே பின்னாளைய ஏர் இந்தியா வளர்ந்தது.

அந்தத் தபால் எங்கள் மலைகளையும் வந்தடைந்தது. 1938ஆம் ஆண்டு பெப்ரவரியில் டாட்டா விமான சேவை சென்னை, திருச்சிராப்பள்ளி வழியாகக் கொழும்புக்கு நீட்டிக்கப்பட்டு, இரத்மலானையில் வந்திறங்கியது. அதே ஆண்டில், முப்பத்துநான்கு வயதில், ஜே. ஆர். டி. டாட்டா நிறுவனங்களின் தலைவரானார். அதே ஆண்டில்தான், பதினாறு வயதுப் பையனாக, என் தந்தையார் தோட்டத்துக் கந்தோரில் வேலைக்கமர்ந்தார். பதுளைத் தபாற் கந்தோருக்கு நடந்து சென்று, இரவு வண்டியில் வந்த கடிதங்களைத் தோற்பையிற் சுமந்து மலையேறுவது அவருடைய முதற்பணி. முன்னர் வாரக்கணக்கிற் கப்பலில் வந்த துரையின் சீமைக் கடிதங்கள் இப்போது சில நாட்களிலே வந்தன. லயங்களில் வாழ்ந்தோரின் திருச்சிராப்பள்ளிக் கடிதங்களோ பழையபடி தலைமன்னார்க் கப்பலிலும் இரயிலிலுமே வந்தன. அவர்கள் விட்டுவந்த ஊருக்கு மேலாக விமானம் பறந்தது. அவர்களுடைய செய்தி மட்டும் அதில் ஏறவில்லை. இந்த வேறுபாட்டைத் தந்தையார் ஒருபோதும் மறந்ததில்லை. ஆயினும் விமானத்தின்மீது அவர் சினங்கொண்டதுமில்லை.

1946இல் டாட்டா விமான சேவை ஏர் இந்தியா என்னும் பெயர் பெற்றது. 1948ஆம் ஆண்டு ஜூன் 8ஆந் திகதி பம்பாயிலிருந்து இலண்டனுக்கு அதன் முதல் விமானம் புறப்பட்டது. வின்சென்ட் அதனைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. 1942இல், போர்க்காலப் பயணமொன்றில், விமானத்தோடு அவர் மறைந்துவிட்டார். 1953இல் இந்திய அரசாங்கம் விமான சேவைகளைத் தேசியமயமாக்கியது. ஜே. ஆர். டி. அதனை விரும்பவில்லை. இருந்தும், தலைவராக இருக்கும்படி கேட்கப்பட்டபோது மறுக்காது ஏற்று, ஊதியம் பெறாமல் இருபத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். பயணஞ் செய்யும்போதெல்லாம் குறிப்பெழுதுவார். திரைச்சீலையின் நிறம், கழிவறையின் தூய்மை ஆகிய யாவும் அவர் கண்ணிற் படும். ஒருமுறை விமானத்திற் பரிமாறிய தேநீர், நிறத்திற் கோப்பியிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருந்ததாக எழுதினார். ஊவாவின் தேயிலைக் கொழுந்தை அறிந்த என் தந்தையாருக்கு இந்தச் செய்தியைக் கேட்டதில் அளவிலா மகிழ்ச்சி.

1978ஆம் ஆண்டு பெப்ரவரியில் அரசாங்கம் அவரைத் தலைமைப் பதவியிலிருந்து நீக்கியது. அச்செய்தியும் அவருக்கு நேரிற் சொல்லப்படவில்லை, பிறர்வாயிலாகவே அறிந்தார். தாம் பெற்று வளர்த்ததை முதலில் உடைமையாகவும், பின்னர் பொறுப்பாகவும், இருமுறை அவர் இழந்தார்.

எங்கள் வீட்டிலும் அத்தகைய இழப்பொன்று நேர்ந்திருந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின் வந்த மாற்றங்களில் தந்தையார் வேலையை இழந்தார். நாற்பதாண்டுப் பழக்கத்தால், விடியற்காலையில் எழுந்து, மழைமானியிற் பெய்த நீரை அளந்து குறிக்கப் புறப்படுவார். பாதிவழியில் நினைவு வந்து திரும்பிவிடுவார். பின்னர் வீட்டு முற்றத்திலே ஒரு போத்தலை நட்டு, அதில் விழுந்த மழையை அளந்து, பழைய கொப்பியிற் பதியத் தொடங்கினார். எவரும் கேட்காத அக்கணக்கை அவர் எழுதுவதைக் கண்டு, இளம் ஆசிரியனாயிருந்த நான் உள்ளூர வெட்கப்பட்டதுண்டு.

1982ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆந் திகதி, முதற் பறப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, எழுபத்தெட்டு வயதான ஜே. ஆர். டி. கராச்சியிலிருந்து பம்பாய்க்கு மீண்டும் தனித்துப் பறந்தார். 1962இலும் அவ்வழியே பறந்தவர்தாம். புஸ் மொத் விமானம் கிடைக்காமையால், அதன் உறவான, முப்பதுகளில் வந்த லெப்பர்ட் மொத் விமானத்தை ஓட்டினார். இளைய தலைமுறையினருக்குச் சிறிது நம்பிக்கையும் உற்சாகமும் ஊட்டுவதே அவர் கருத்து. ஐம்பது ஆண்டுகளில் ஒரு தேசம் இரண்டாகி, கராச்சி அயல்நாடாகியிருந்தது, நிறுவனம் கைமாறியிருந்தது, பதவி போயிருந்தது. வானத்தின்மீது கொண்ட ஆசை மட்டும் மாறாதிருந்தது.

பத்திரிகையில் வந்த படத்தைத் தந்தையார் வெட்டியெடுத்தார். அந்த விமானத்தின் உடற்பகுதி ஒட்டுப்பலகையாலானது என்று நூலொன்றிற் படித்து நான் சொன்னபோது, அவர் மறுமொழி கூறாமல் எழுந்து சென்று, ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் கொண்டுவந்தார். நான்கு நாட்களில் இச்சிறு விமானம் உருவாயிற்று. அதன்பின் அந்த மழைக் கணக்கைப் பார்த்து நான் வெட்கப்பட்டதில்லை.

1992இல் பாரத ரத்னா விருது ஜே. ஆர். டி.யைத் தேடி வந்தது. 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி ஜெனீவாவில் அவர் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாட்டா நிறுவனத்தாரிடம் சென்றது. அதனைக் காண அவரும் இல்லை, என் தந்தையாரும் இல்லை. மழைக் கொப்பி என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெற்றபின், ஒவ்வொரு விடியலிலும் அதே முற்றத்து நீரை அளந்து, அவர் விட்ட பக்கத்திலிருந்து நான் எழுதி வருகிறேன்.