பாப்பரசருக்குப் புத்தி சொன்ன சாயக்காரர் மகள்



நமது பங்கின் ஆலோசனைக் கூட்டத்துக்குப் பெண்களையும் அழைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, பீடம் ஜோடிக்கவும் பாட்டுப் பாடவும் அவர்கள் போதும், கணக்கு வழக்கெல்லாம் அவர்களுக்கு எதற்கு என்று ஒரு பெரியவர் கேட்டார். அன்று நான் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். அது என் தப்பிதம். ஆகையால், ஏப்ரல் 29-ந் தேதி நாம் திருநாள் கொண்டாடும் சியென்னா நகரத்து அர்ச். கத்தரீனம்மாளின் சரித்திரத்தை இந்த வாரம் சற்றுக் கேளுங்கள்.

இத்தாலி தேசத்துச் சியென்னா நகரில், துணிக்குச் சாயம் போடுகிறவர் வீட்டிலே 1347-ம் ஆண்டு இவள் பிறந்தாள். இருபதுக்கு மேல் பிள்ளைகள் பிறந்த வீடு. கலியாணப் பேச்சு எடுத்தபோது தன் கூந்தலைத் தானே கத்தரித்துக்கொண்டாள். தாய் லாப்பாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. வீட்டு வேலை முழுவதும் இவள் தலையில் விழுந்தது. கடைசியில் தகப்பனார்தான் இரங்கினார். இவள் மடத்துக்கும் போகவில்லை. அர்ச். சாமிநாதர் மூன்றாஞ் சபையின் உடுப்பைத் தரித்து, வீட்டிலேயே ஒரு சிற்றறையில் சில வருஷம் ஜெபத்தில் கழித்தாள். பிறகு வெளியே வந்து நோயாளிகளுக்கு ஊழியம் செய்தாள். மரண தண்டனை பெற்ற ஒரு வாலிபனைச் சிறையில் சந்தித்து மனந்திருப்பி, வெட்டுமேடையில் அவன் பக்கத்திலேயே இருந்து, வெட்டுண்ட சிரசைத் தன் கைகளில் ஏந்தினாள்.

பள்ளிக்கூடம் அறியாதவள். ஆனாலும் சொல்லச் சொல்லப் பிறர் எழுத, ராஜாக்களுக்கும் மேற்றிராணிமாருக்கும் படைத்தலைவர்களுக்கும் கடிதம் அனுப்பினாள். இன்றைக்கும் சுமார் 380 கடிதங்கள் இருக்கின்றன.

1309-ம் ஆண்டு முதல் பாப்பரசர்கள் உரோமையை விட்டுப் பிரெஞ்சு நாட்டு எல்லையிலுள்ள அவிஞோன் நகரில் வசித்துவந்தார்கள். மேய்ப்பன் தொலைவில் இருக்க, இத்தாலியில் கலகமும் சண்டையும் மிகுந்தன. 11-ம் கிரகோரியார் உரோமைக்குத் திரும்ப விரும்பியும் தயங்கிக்கொண்டே இருந்தார். டஸ்கனி நாட்டுக் குழந்தைகள் வீட்டில் தகப்பனை அழைக்கும் செல்லப் பெயராலேயே கத்தரீன் அவரைக் கூப்பிட்டாள். அதே கடிதங்களில், பயந்த பிள்ளையைப் போலில்லாமல் ஆண்மையோடு நடந்துகொள்ளும்படி கண்டித்தும் எழுதினாள். அந்த மரியாதையும் அந்தத் துணிவும் ஒரே வாயிலிருந்து வந்ததுதான் அதிசயம். 1376-ம் ஆண்டு ஜூன் மாதம் நேரிலேயே அவிஞோனுக்குப் போனாள். அவள் பேசியது ஊர்ப் பாஷை, பாப்பரசர் பேசியது லத்தீன். அவளுடைய ஆத்தும குருவாகிய கப்புவா இரைமுந்து சுவாமியார் நடுவில் நின்று மொழிபெயர்த்தார். புளோரன்ஸ் நகரத்தாருக்காக அவள் பேச வந்த சமாதானம் மட்டும் கைகூடவில்லை. அந்த நகரத்துத் தூதர்களே பிந்தி வந்து அவளை உதறிவிட்டார்கள். ஆனால் செப்டம்பர் 13-ந் தேதி பாப்பரசர் அவிஞோனை விட்டுப் புறப்பட்டு, 1377 ஜனவரி 17-ல் உரோமைக்குள் பிரவேசித்தார். அது அவள் ஒருத்தியின் வேலை என்று சொன்னால் மிகையாகும். தடுத்த கர்தினால்மார் அநேகர், தைரியம் சொன்னவர்கள் சிலரே. அந்தச் சிலரில் இவள் ஒருத்தி.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! 1378-ல் கிரகோரியார் இறந்தார். அடுத்து வந்த 6-ம் உர்பானுஸ் முன்கோபி. கர்தினால்மார் பிரிந்துபோய் வேறொருவரைத் தெரிந்துகொண்டார்கள். திருச்சபை இரண்டு பட்டது. உர்பானுஸ் கத்தரீனை உரோமைக்கு அழைத்தார். அவரே உண்மையான பாப்பரசர் என்று அவள் ஊரெங்கும் எழுதினாள்; அதே சமயம் அவர் கோபத்தை அடக்க வேண்டுமென்று அவருக்கும் எழுதினாள். ஒரு கிறிஸ்துமசுக்குப் பொன் ரேக்கு ஒட்டிய கிச்சிலிப்பழங்களைப் பாகு செய்து அவருக்கு அனுப்பினாள். கூடவே செய்முறையையும் விளக்கியிருந்தாள்: நாரத்தங்காய் போலக் கசக்கும் பழத்தைத் தண்ணீரில் வேகவைத்தால் கசப்பு இறங்கும், அந்த இடத்தில் சர்க்கரை ஏறும் என்று. அடுப்படி தெரிந்தவள் அல்லவா! உர்பானுசுக்கு அர்த்தம் விளங்காமல் இராது. ஆனால் அவருடைய கசப்பு இறங்கவில்லை.

அவள் சரீரமோ தேய்ந்துபோயிற்று. சாப்பிடும்படி குருக்கள் கட்டளையிட்டும் அவளால் முடியாமற்போனது. இதை யாரும் மாதிரியாகக் கொள்ள வேண்டாம். 1380-ம் ஆண்டு தபசுகாலத்தில் தினந்தோறும் அர்ச். இராயப்பர் தேவாலயத்துக்குத் தள்ளாடி நடந்துபோய், பிளவுண்ட திருச்சபைக்காக வேண்டிக்கொண்டாள். ஏப்ரல் 29-ல், 33-ம் வயதில் மரித்தாள். பிளவு 1417-ல்தான் தீர்ந்தது. அவள் அதைக் காணவில்லை.

1461-ல் அர்ச்சியசிஷ்டவளானாள். 1970-ம் ஆண்டு வரை திருச்சபையின் வேதபாரகர் முப்பது பேரும் ஆண்கள். அந்த ஆண்டு 6-ம் சின்னப்பர், முதலில் அவிலா தெரேசம்மாளையும், ஒரு வாரங் கழித்து அக்டோபர் 4-ல் கத்தரீனம்மாளையும் அந்த வரிசையில் சேர்த்தார்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு ஆலோசனைக் கூட்டம். பெண்களும் தயவுசெய்து வாருங்கள். அந்தப் பெரியவருக்கும் சொல்லியிருக்கிறேன், வருவதாகச் சொன்னார்.