பருத்தித் தோட்டத்து சாராவும் என் கருகிய முடியும்

நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் இரவு எங்கள் வீட்டில் கோழி இறகு கருகியதுபோல் ஒரு நாற்றம். கருகியது கோழி இறகல்ல, என் முடி. இரவுச் சந்தையில் மலிவாக வாங்கிய கர்லரில் ஒரே ஒரு விசைதான் இருந்தது. போட்டால் சூடாகும், அணைத்தால் ஆறும். எவ்வளவு சூடு என்று சொல்ல அதில் எண்ணும் இல்லை, விளக்கும் இல்லை. குளித்த ஈரம் காய்வதற்குள் முடியைச் சுற்றிப் பிடித்தேன். 'சுர்' என்றது. கையை எடுத்தபோது ஒரு கற்றை முடி கம்பியோடு வந்துவிட்டது.

பாட்டி கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். தலைக்குத் தேங்காய் எண்ணெயும் வெயிலுக்குத் துண்டும் தவிர வேறெதையும் அறியாதவர். ஒன்றும் திட்டாமல் கத்தரிக்கோலை எடுத்துக் கருகிய நுனிகளை வெட்டிவிட்டார். மறுநாள் காலை மூடுபனியில் பேருந்துக்கு நின்றபோது தப்பிப் பிழைத்த சுருள்களும் தொங்கிப் போயின. பின்னல் போட்டுக்கொண்டுதான் தேர்வுக்குப் போனேன்.

அந்த வாரம் நூலகத்தில் முடியைப் பற்றித் தேடியபோதுதான் மேடம் சி. ஜே. வாக்கரின் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தது. ஒப்பனைப் பொருள் விற்றுப் பணக்காரியான ஒரு சீமாட்டி என்று நினைத்துப் புரட்டினேன். முதல் அத்தியாயமே ஒரு தோட்டத்தில் தொடங்கியது.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் டெல்டா என்ற ஊரின் பருத்தித் தோட்டத்தில் 1867 டிசம்பர் 23ஆம் நாள் பிறந்தவர் அவர். இயற்பெயர் சாரா பிரீட்லவ். பெற்றோரும் மூத்த பிள்ளைகளும் அடிமைகளாக இருந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை சாராதான். ஏழு வயதில் தாயும் தகப்பனும் இல்லை. பதினான்கு வயதில் திருமணம், இருபது வயதில் விதவை. கையில் லிலியா என்ற இரண்டு வயது மகள்.

சகோதரர்கள் முடிதிருத்தும் தொழில் செய்துவந்த செயின்ட் லூயிஸ் நகருக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனார். அங்கே துணி வெளுக்கும் வேலை. நாளுக்கு ஏறக்குறைய ஒன்றரை டாலர் கூலி. கொதிக்கும் தொட்டியின் ஆவியிலும் காரச் சோப்பிலும் பல வருடம் நின்றார். அந்தக் கூலியில்தான் மகளைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். எங்கள் தோட்டத்தில் யாருடைய வீட்டில் இந்தக் கதை இல்லை?

1890களில் சாராவின் தலையில் நோய் வந்து முடி கொட்டத் தொடங்கியது. அந்தக் காலத்து ஏழை வீடுகளில் குழாய்த் தண்ணீர் கிடையாது. தலைக்குக் குளிப்பதே அபூர்வம். அழுக்கும் பொடுகும் சேர்ந்து உச்சந்தலை புண்ணாகிவிடும். கிடைத்த மருந்தையெல்லாம் தடவிப் பார்த்த சாரா, அன்னி மலோன் என்ற கறுப்பினப் பெண்மணி தயாரித்த பொருளுக்கு 1904 வாக்கில் விற்பனை முகவரானார். மறு வருடம் டென்வர் நகருக்குப் போய்ச் சமையல் வேலை பார்த்துக்கொண்டே சொந்தமாக ஒரு களிம்பு தயாரித்தார். பெட்ரோலியக் களிம்பும் கந்தகமும் அதில் முக்கியமானவை. செய்முறை கனவில் கிடைத்தது என்று அவர் எல்லாரிடமும் சொல்லி வந்தார். அன்னி மலோனோ, தன் செய்முறையைப் பார்த்துச் செய்தது என்று குற்றம் சாட்டினார். அந்தக் கனவை நான் அப்படியே நம்பவில்லை. வியாபாரத்துக்கு நல்ல கனவு என்று மட்டும் சொல்வேன்.

1906இல் சார்லஸ் ஜோசப் வாக்கரை மணந்தார். 'மேடம் சி. ஜே. வாக்கர்' என்ற பெயர் அப்படித்தான் வந்தது. வீடு வீடாகப் போய் விற்றார். 1908இல் பிட்ஸ்பர்க்கில் மகளின் பெயரில் பயிற்சிக் கல்லூரி, 1910இல் இந்தியானாபோலிஸ் நகரில் தொழிற்சாலை.

சூடான இரும்புச் சீப்பைக் கண்டுபிடித்தவர் இவர்தான் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அது தவறு. அந்தச் சீப்பு அவருக்கு முன்பே கடைகளில் விற்கப்பட்டது. பாரிஸில் மார்செல் கிராத்தோ என்ற முடி ஒப்பனையாளர் 1870களிலேயே சூடான இடுக்கியால் முடியை அலை அலையாக மடித்துப் புகழ் பெற்றிருந்தார். அந்த இடுக்கிதான் இன்றைய கர்லரின் முன்னோடி. வாக்கர் செய்தது வேறு. முதலில் தலையை அடிக்கடி கழுவ வேண்டும், புண்ணை ஆற்ற வேண்டும், எண்ணெய் தடவ வேண்டும். அகலமான பற்கள் கொண்ட சூடான சீப்பு அதற்கு அப்புறம்தான். இந்த வரிசையைத்தான் அவர் தம் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார்.

அடுப்பில் வைத்துச் சூடாக்கிய இரும்புக்கு அளவு ஏது? அக்காலத்து ஒப்பனையாளர்கள் முதலில் ஒரு காகிதத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காகிதம் பழுப்பேறினால் இரும்பை ஆற விடுவார்கள். அதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் நினைவு வந்தது. அவர் தேயிலை ஆலையில் உலர்த்தும் இயந்திரத்தைக் கவனிப்பவர். நூறு பாகை செல்சியஸை ஒட்டிய காற்றில் இலை உலர்கிறது. சூடு கூடிவிட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும், தூளும் கெட்டுப்போகும். அதனால் வெப்பமானியை விட்டு அவர் கண்ணை எடுப்பதில்லை. அப்பாவுக்கு இலையில் தெரிந்தது எனக்கு முடியில் தெரியாமல் போயிற்று.

முடி என்பது கெராட்டின் புரதம். அதன் இழைகளை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் விடுபடும், ஆறும்போது புது வடிவத்தில் மீண்டும் சேரும். சுருளும் நேரான முடியும் உருவாவது இப்படித்தான். காற்றில் ஈரம் அதிகமானால் அதே பிணைப்புகள் மறுபடி விடுபடும். பேருந்து நிறுத்தத்தில் என் சுருள் தொங்கியதற்கு மலையின் மூடுபனிதான் காரணம். ஆனால் 200 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் புரதமே உருக்குலைகிறது. அது திரும்பாது. ஈர முடி என்றால் இன்னும் மோசம். உள்ளே இருக்கும் நீர் கொதித்து ஆவியாகி, முடித் தண்டுக்குள் குமிழிகள் உண்டாகும். அந்த இடத்தில் முடி ஒடியும். அன்று நான் கேட்ட 'சுர்' அதுதான்.

அடுத்த கர்லரை வாங்க நான்கு மாதம் காசு சேர்த்தேன். கடைக்காரர் தங்க நிறத்தையும் நீளமான கம்பியையும் காட்டினார். நான் எண் திரையைக் கேட்டேன். சூட்டைப் பத்துப் பத்தாகக் கூட்டிக் குறைக்க முடிய வேண்டும், வைத்த இடத்தில் அது நிற்கவும் வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம். அதிகபட்சம் 230 பாகை என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தால் அது பெருமையல்ல, நமக்குத் தேவையும் இல்லை. மெல்லிய முடிக்கு 150 போதும். அடர்ந்த முடிக்கும் 180ஐத் தாண்டத் தேவை வருவதில்லை. செராமிக் பூச்சு கம்பி முழுவதும் சூட்டைச் சமமாகப் பரப்பும். மலிவான உலோகக் கம்பியில் ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் ஆறிக் கிடக்கும். குறிப்பிட்ட நேரத்தில் தானாக அணையும் வசதி இருக்கிறதா, சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்தேன். வெப்பக் காப்புத் தைலம் தனியாக வாங்கினேன். அது சூடு முடியில் ஏறும் வேகத்தைக் குறைக்கும், ஆனால் சூட்டையே தடுத்துவிடாது. நன்றாகக் காய்ந்த முடியை ஒரே ஒரு முறை, சில விநாடி மட்டும் சுற்றுகிறேன்.

வாக்கரின் வாழ்க்கையில் என்னை அதிகம் பிடித்து வைத்தது 1912இல் சிகாகோவில் நடந்த கறுப்பின வணிகர் மாநாடு. தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவருக்குப் பேச வாய்ப்புத் தரவில்லை. கடைசி நாளில் வாக்கர் தாமாகவே எழுந்து நின்றார். பருத்திக் காட்டிலிருந்து வந்ததையும் துணி வெளுத்ததையும் சமையல் செய்ததையும் மறைக்காமல் சொல்லி, சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை கட்டியிருப்பதையும் சொன்னார். மறு வருடம் அதே மாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளர். 1917இல் பிலடெல்பியாவில் அவர் கூட்டிய மாநாட்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட விற்பனைப் பெண்கள் வந்தார்கள். அதிகம் விற்றவர்களுக்கு மட்டுமல்லாமல் அறப்பணிக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கும் அங்கே பரிசு உண்டு. கறுப்பினத்தவரைக் கும்பலாகக் கொல்லும் கொடுமைக்கு எதிரான இயக்கத்துக்கு அவர் 5,000 டாலர் கொடுத்தார்.

1919 மே 25ஆம் நாள், 51 வயதில் காலமானார். நியூயார்க்குக்கு அருகே அவர் கட்டிய மாளிகையில் குடியேறி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. மில்லியன் டாலர் சம்பாதித்த முதல் பெண் என்று சொல்கிறார்கள். இறந்தபோது சொத்தின் மதிப்பு ஏறக்குறைய 600,000 டாலர். ஒரு துணி வெளுக்கும் பெண் தொடங்கிய கணக்குக்கு அதுவே போதாதா?

எஸ்.பி.எம். எழுதும் என் தங்கை இப்போது அடிக்கடி கர்லரைக் கேட்கிறாள். 160இல் வைத்துத்தான் கொடுக்கிறேன், தலை காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகு. மூடுபனி இறங்கும் நாளில் கொடுப்பதில்லை. பேருந்து நிறுத்தம் வரைகூட அந்தச் சுருள் தாங்காது.