மகனை அனுப்பிய தாய்

பெல்ஜியத்தின் மேற்கே விளாட்ஸ்லோ என்றொரு சிற்றூர் உண்டு. முதலாம் உலகப் போரில் இறந்த 25,000க்கும் அதிகமான ஜேர்மன் படையினர் அங்கே ஓக் மரங்களுக்குக் கீழே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். தரையோடு தரையாகப் பதித்த கற்கள், ஒவ்வொன்றிலும் இருபது பெயர்கள். அவற்றைப் பார்த்தபடி கருங்கல்லில் செதுக்கிய ஒரு தகப்பனும் தாயும் முழந்தாளிட்டிருக்கிறார்கள். தகப்பன் கைகளால் தன்னையே இறுகக் கட்டிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறார். தாய் தலை குனிந்து கூனிப்போயிருக்கிறாள். ஒருவரையொருவர் அவர்கள் தொடவில்லை.

அங்கே புதைந்திருப்பவர்கள் பெல்ஜியத்தின் மீது படையெடுத்து வந்தவர்கள். ஆனாலும் அவர்களது கல்லறைகளுக்கு அந்த நாடு இன்றும் தன் மண்ணில் இடம் கொடுத்து வைத்திருக்கிறது. உழுது புரட்டப்பட்ட துயிலுமில்லங்களைக் கண்டவர்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியாது.

அந்தத் தாயின் முகம் சிலையை உருவாக்கிய கேத்தே கொல்விட்ஸினுடையது. தகப்பனின் முகம் அவரது கணவர் கார்லினுடையது. தகப்பனின் பார்வைக்கு நேரே உள்ள கல்லில் அவர்களது இளைய மகன் பீற்றரின் பெயர் இருக்கிறது.

கேத்தே 1867இல் கோனிக்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட். தகப்பனார் சட்டம் படித்தவர், ஆனால் அவரது அரசியல் கருத்துகளுக்கு அன்றைய பிரஷ்ய அரசில் இடமிருக்கவில்லை. ஆகவே வீடு கட்டும் தொழிலுக்குப் போனார். மகளின் கைத்திறனை முதலில் கண்டவரும் அவர்தான். கலைக் கல்லூரிகள் பெண்களைச் சேர்க்காத காலமென்பதால் பெர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கென இருந்த கலைப் பள்ளிகளில் கேத்தே படித்தார். 1891இல் வைத்தியர் கார்ல் கொல்விட்ஸை மணந்து, பெர்லினின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியொன்றில் குடியேறினார். கணவரிடம் மருந்துக்கு வந்த பெண்களே அவரது படங்களின் மனிதர்களானார்கள். பசி, வேலையின்மை, குடிகாரக் கணவன், அடுத்தடுத்த பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் அந்த வீட்டு வாசலிலேயே அவர் கண்டார்.

1844இல் சிலேசியாவில் நடந்த நெசவாளர் கிளர்ச்சியை வைத்து அவர் செய்த ஆறு அச்சோவியங்கள் 1898இல் பெர்லின் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்டன. நடுவர் குழு தங்கப் பதக்கத்துக்குப் பரிந்துரைத்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். அரண்மனைக்கு இவரது படங்கள் என்றைக்குமே ஒத்துவரவில்லை. 1906இல், வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்போர் பற்றிய கண்காட்சிக்காக இவர் வரைந்த களைத்துப்போன பெண்ணின் சுவரொட்டியை அகற்றினால்தான் வருவேன் என்று பேரரசி நிபந்தனை போட்டார்.

1903இல் இறந்த குழந்தையை அணைத்திருக்கும் ஒரு தாயை வரைந்தார். கண்ணாடிக்கு முன் அமர்ந்து, மடியில் கிடத்திய தன் மகனைப் பார்த்தே அதை வரைந்தார். ஏழு வயதான அந்தப் பிள்ளை பீற்றர்தான்.

1914 ஓகஸ்டில் போர் தொடங்கியபோது பீற்றருக்குப் பதினெட்டு வயது. தானாக முன்வந்து படையில் சேரத் துடித்தான். வயது போதாததால் தகப்பனின் சம்மதம் தேவைப்பட்டது. கார்ல் முடியாதென்றார். மகன் தாயைப் பார்த்தான். தாய் கணவரிடம் மன்றாடிச் சம்மதம் வாங்கிக் கொடுத்தார். ஒக்டோபரில் களத்துக்குப் போனவன் அதே மாதத்தில், டிக்ஸ்மைடே நகருக்கு அருகே கொல்லப்பட்டான்.

கொல்விட்ஸைப் போரை எதிர்த்த கலைஞர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது எளிது. அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். மகனின் கையில் சம்மதத்தை வாங்கிக் கொடுத்தவர் என்பதை விட்டுவிட்டால் அதற்குப் பிறகு அவர் செய்த எதுவும் விளங்காது. நாட்டுக்காகப் பிள்ளையைக் கொடுப்பது உயர்ந்த செயலென்று அன்று அவரும் நம்பினார். அந்த நம்பிக்கையைக் கைவிடுவது பீற்றரையே கைவிடுவதாகப் பட்டதால் உடனே விடவும் முடியவில்லை. மாறுவதற்கு வருடங்கள் எடுத்தன. 1918 ஒக்டோபரில், தோல்வியின் விளிம்பில், இன்னும் தொண்டர்களைத் திரட்டிப் போரிட வேண்டுமென்று கவிஞர் ரிச்சர்ட் டேமெல் அழைப்பு விடுத்தபோது கேத்தே பத்திரிகையில் மறுப்பு எழுதினார். விதைநெல்லை அரைக்கக்கூடாது என்ற கருத்தைக் கதேயிடமிருந்து எடுத்து அதை முடித்தார். விதைநெல்லுக்குக் கைவைப்பதென்றால் என்னவென்று நம் கமக்காரருக்கு விளக்கத் தேவையில்லை.

மகன் இறந்த வருடமே நினைவுச் சின்னத்துக்கான வேலையைத் தொடங்கியிருந்தார். முதல் திட்டத்தில் மகன் நடுவில் கிடந்தான், பெற்றோர் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இருந்தார்கள். அது சரிவரவில்லை. 1919இல் வேலையை நிறுத்தினார். சில வருடங்களின் பின் மீண்டும் தொடங்கியபோது மகனை எடுத்துவிட்டார். வீரனாகக் காட்டுவதற்கு யாரும் இல்லை, எஞ்சிய இருவர் மட்டும். 1932இல், பதினெட்டு வருடங்களுக்குப் பிறகு, கணவனும் மனைவியுமாகப் பெல்ஜியம் போய், மகன் கிடந்த மயானத்தில் சிலைகளை நிறுத்தினார்கள். 1950களில் கல்லறைகள் விளாட்ஸ்லோவுக்கு மாற்றப்பட்டபோது சிலைகளும் கூடவே போயின.

இடையில் ‘போர்’ என்ற தலைப்பில் ஏழு மரச்செதுக்கு அச்சோவியங்களைச் செய்திருந்தார். அவற்றில் போர்க்களம் இல்லை, எதிரியும் இல்லை. முதற்படத்தில் ஒரு தாய் தன் சிசுவைக் காணிக்கைபோலத் தானே தூக்கிக் கொடுக்கிறாள். அடுத்ததில் பறையடித்துப் போகும் சாவின் பின்னால் இளைஞர்கள். சாவுக்குப் பக்கத்தில் நிற்பவன் பீற்றர்.

பிரஷ்யக் கலைக் கழகத்துக்கு 1919இல் தெரிவான முதற்பெண் அவர். 1933இல் நாசிகள் வந்ததும் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். கண்காட்சிகளிலிருந்து படைப்புகள் அகற்றப்பட்டன. 1936இல் கெஸ்டாப்போ வீட்டுக்கு வந்து வதைமுகாமுக்கு அனுப்புவோமென்று மிரட்டியது. 1940இல் கார்ல் இறந்தார். 1942இல் பேரன் ரஷ்யக் களத்தில் கொல்லப்பட்டான். மூத்த மகன் ஹான்ஸ் தன் பிள்ளைக்குத் தம்பியின் பெயரை வைத்திருந்தார். அவனும் பீற்றர்தான். அதே காலத்தில் கேத்தே செய்த கல்லச்சில், ஒரு கிழவி மூன்று பையன்களைத் தன் மேலங்கிக்குள் அமுக்கிப் பிடித்திருக்கிறாள். விதைநெல் என்ற அதே கருத்தையே அதற்குத் தலைப்பாக வைத்தார்.

1943இல் இடம்பெயர்ந்தார். ஐம்பது வருடம் வாழ்ந்த வீட்டை அவ்வருட நவம்பரில் குண்டு அழித்தது. அங்கிருந்த பல படைப்புகளும் போயின. 1945 ஏப்ரல் 22இல் ட்ரெஸ்டனுக்கு அருகே மோரிட்ஸ்பேர்க்கில் இறந்தார். ஐரோப்பாவில் போர் முடிய இரண்டு கிழமைகளே இருந்தன.

இறந்த பிறகு எல்லோரும் அவரைத் தமதாக்கிக்கொண்டார்கள். மேற்கு ஜேர்மனி கேளோனில் அருங்காட்சியகம் திறந்தது. கிழக்கு ஜேர்மனியின் அரச திரைப்பட நிறுவனம் 1987இல் ரால்ஃப் கிர்ஸ்டனின் இயக்கத்தில் அவரது வாழ்க்கையைப் படமாக்கியது. யூட்டா வாஹோவியாக் கேத்தேயாக நடித்தார். இரண்டு நாடுகளும் ஒன்றானபின், 1993இல், இறந்த மகனை மடியில் ஏந்திய தாயின் சிறிய சிலையொன்றை நான்கு மடங்கு பெரிதாக்கி, பெர்லினில் போரினதும் கொடுங்கோன்மையினதும் பலியானோர் எல்லோருக்குமான நினைவிடத்தில் வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்தது. கொன்றவனையும் கொல்லப்பட்டவனையும் ஒரே தாயின் மடியில் வைக்க முடியுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பின்னர் பலியான மக்கள் யார் யாரென்று வாசலில் தனியே எழுதிவைக்க நேர்ந்தது. 2024இல் நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்கெனப் பெருங்கண்காட்சி நடத்தியது.

2014இல், விளாட்ஸ்லோவில் இருக்கும் தகப்பன், தாய் சிலைகளின் பிரதிகள் ரஷ்யாவின் ர்ஜெவ் நகரிலுள்ள ஜேர்மன் படையினரின் மயானத்தில் வைக்கப்பட்டன. பேரன் பீற்றர் கொல்லப்பட்டது அந்தப் பக்கத்தில்தான்.