மெம்ஃபிஸ் நகரத்து வானொலி வாத்தியார்

1948ஆம் ஆண்டு அக்டோபர் 25. மாலை நான்கு மணி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது மெம்ஃபிஸ் நகரம். அங்கே டபிள்யூ.டி.ஐ.ஏ. என்ற சிறிய வானொலி நிலையத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கறுத்த நிறம், தடித்த கண்ணாடி, வயது 41. அன்றைய வகுப்புகளை முடித்துவிட்டு வந்திருந்தார். பேசுவதற்கான சைகை கிடைத்தது. தயார் செய்து வந்த பேச்சு முழுவதும் அந்த நொடியில் மறந்துபோனது. என்ன செய்வதென்று தெரியாமல் வாய்விட்டுச் சிரித்தார். அறையில் இருந்தவர்களும் சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு பேச்சு தானாக வந்தது.

அந்தச் சிரிப்பே பிறகு அவருடைய அடையாளமாக ஆனது. அவர் பெயர் நத்தானியேல் டௌட் வில்லியம்ஸ். ஊர் மக்களுக்கு நாட் டி. மெம்ஃபிஸ் நகரத்தில் கறுப்பினத்தவர் ஒருவர் தன் மக்களுக்காக, தன் மக்களின் பேச்சில், தினந்தோறும் வானொலி நிகழ்ச்சி நடத்தத் தொடங்கியது அவரிடமிருந்துதான்.

அது ஏன் அவ்வளவு பெரிய செய்தி என்று இன்றைய மாணவர்களுக்குத் தோன்றலாம். அன்றைய மெம்ஃபிஸைத் தெரிந்துகொண்டால்தான் அது விளங்கும். நகர மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கறுப்பினத்தவர். ஆனால் பள்ளிக்கூடம் தனி, பேருந்தில் இருக்கை தனி, தண்ணீர்க் குழாய் தனி. நகரத்து விலங்குக்காட்சிச் சாலைக்குள் போவதற்குக் கூட வாரத்தில் ஒரு நாள்தான் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. வெள்ளையர் நடத்திய நாளிதழ்களில் கறுப்பினத்தவரின் பெயருக்கு முன்னால் திரு, திருமதி என்ற மரியாதைச் சொல் வராது. பெரியவராக இருந்தாலும் வெறும் பெயர்தான். மரியாதை என்பது ஒரு விகுதியில், ஒரு சொல்லில் எப்படிப் பறிக்கப்படுகிறது என்பதை இந்தப் பகுதியின் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

வானொலியிலும் அதே நிலைதான். கறுப்பினக் கலைஞர்களின் பாட்டு ஒலிபரப்பாகும். அந்தப் பாட்டை அறிமுகப்படுத்தும் குரல் வெள்ளையருடையதாக இருக்கும். சிகாகோ போன்ற வடபகுதி நகரங்களில் கறுப்பின அறிவிப்பாளர்கள் முன்பே வந்துவிட்டார்கள். தென்பகுதியில் அந்தக் கதவு ஏறக்குறைய மூடியே கிடந்தது.

நாட் டி. பிறந்தது 1907இல், மெம்ஃபிஸ் நகரத்தின் பீல் தெருவில். அதே 1907இல்தான் இங்கே சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார் என்பதை நாம் சேர்த்தே நினைத்துக்கொள்ளலாம். இருவருக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் ஒதுக்கப்பட்ட மக்கள் தமக்கென்று ஒரு குரலைத் தேடிய காலம் இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருந்தது.

பீல் தெரு என்பது கறுப்பின மக்களின் கடைவீதி. துணிக்கடை, மருத்துவர், திரையரங்கம், அடகுக்கடை, சூதாட்டம், ப்ளூஸ் இசை எல்லாம் அங்கே உண்டு. பருத்திக் காட்டில் வாரம் முழுவதும் உழைத்தவர்கள் சனிக்கிழமை வந்து கூடும் இடம். அந்தத் தெருவிலிருந்து புறப்பட்ட நாட் டி., நாஷ்வில் நகரத்தில் கறுப்பின மாணவர்களுக்காக இயங்கிய மாநிலக் கல்லூரியில் படித்தார். படிப்பு முடிந்ததும் வேறெங்கும் போய்த் தங்கிவிடவில்லை. 1930இல் சொந்த ஊருக்குத் திரும்பி, புக்கர் டி. வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு கற்பிக்கச் சேர்ந்தார். அதுவும் கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி. பாடநூலில் அடிமைகளாக மட்டுமே வந்துபோன தம் மக்களின் முழு வரலாற்றையும் அவர் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்.

ஆசிரியர் வேலையோடு அவர் நின்றுவிடவில்லை. ‘மெம்ஃபிஸ் வேர்ல்டு’ என்ற கறுப்பின மக்களின் செய்தித்தாளில் பத்தி எழுதினார். பின்னர் 1951இல் தொடங்கிய ‘ட்ரை-ஸ்டேட் டிஃபெண்டர்’ இதழிலும் எழுதினார். பீல் தெருவின் பேலஸ் திரையரங்கில் வாரந்தோறும் நடந்த புதுமுகக் கலைஞர்களுக்கான போட்டியை மேடையேறி நடத்தினார். பாடத் தெரிந்தவர், ஆடத் தெரிந்தவர், தெரிந்ததாக நினைத்துக்கொண்டவர் என்று எல்லோரும் அந்த மேடைக்கு வருவார்கள். பிற்காலத்தில் உலகமே அறிந்த ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங்கும் அங்கே நின்று பாடியவர்தான்.

இனி வானொலி நிலையத்தின் கதைக்கு வருவோம். ஜான் பெப்பர், பெர்ட் ஃபெர்குசன் என்ற இரண்டு வெள்ளையர்கள் 1947இல் டபிள்யூ.டி.ஐ.ஏ.வைத் தொடங்கினார்கள். அதன் ஒலிபரப்புத் திறன் 250 வாட் மட்டுமே. சூரியன் உதித்தது முதல் மறையும் வரைதான் ஒலிபரப்ப அனுமதி. மற்ற நிலையங்கள் போட்ட நிகழ்ச்சிகளையே இவர்களும் போட்டார்கள். கேட்க ஆளில்லை, விளம்பரமும் இல்லை. மூடிவிடலாமா என்ற நிலை வந்தபோதுதான், நகரத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத பெரும் மக்கள் கூட்டம் ஒன்று இருப்பது ஃபெர்குசனுக்கு உறைத்தது. எழுத்தாலும் மேடையாலும் ஊரறிந்தவராக இருந்த நாட் டி.யிடம் அவர் போனார்.

ஆக, இந்தக் கதவைத் திறந்தது இரக்கமோ நீதியுணர்வோ அல்ல, முதன்மையாக வணிகக் கணக்குதான். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் இசைத்தட்டைச் சுழலவிடும் கருவியைக் கூட வெள்ளையர்தான் இயக்கினார்கள். கறுப்பின அறிவிப்பாளருக்குப் பேச மட்டுமே உரிமை. நிலையமும் லாபமும் வெள்ளையர் கையில்தான் இருந்தன. நாட் டி. இதையெல்லாம் தெரிந்தே உள்ளே போனார். திறந்த கதவு எதற்காகத் திறந்தது என்று கேட்டுக்கொண்டு வெளியே நிற்பதைவிட, உள்ளே போய் அதைத் தம் மக்களுக்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதில் அவர் கவனம் வைத்தார்.

முதல் நாள் நிகழ்ச்சிக்குப் பிறகு எதிர்ப்பு கிளம்பியது. வெள்ளையர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டினார்கள். வெடிகுண்டு மிரட்டலும் வந்தது. ஆனால் நிகழ்ச்சி நிற்கவில்லை. நாளுக்கு ஒரு நிகழ்ச்சியாகத் தொடங்கியது வளர்ந்துகொண்டே போனது. ஓராண்டு ஆவதற்குள் நிலையத்தின் நிகழ்ச்சிகள் அனைத்துமே கறுப்பின மக்களுக்கானவையாக மாறின. அமெரிக்காவில் அப்படி மாறிய முதல் நிலையம் என்று வரலாறு இதைக் குறிக்கிறது. 1954இல் அதன் திறன் 50,000 வாட்டாக உயர்ந்தது. மெம்ஃபிஸைத் தாண்டி, மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியின் பருத்திக் காடுகள் வரை அந்தக் குரல் போய்ச் சேர்ந்தது. பொழுது விடியுமுன் வேலைக்குப் புறப்பட்ட கூலிக்காரர்கள், தங்கள் வீட்டில் பேசுகிற பேச்சையே வானொலியில் கேட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

இத்தனை புகழ் வந்தபிறகும் நாட் டி. ஆசிரியர் வேலையை விடவில்லை. காலையில் ஒரு நிகழ்ச்சி. அது முடிந்ததும் பள்ளிக்கூடம். பள்ளி விட்டதும் மாலை நிகழ்ச்சி. இப்படியே ஆண்டுகள் ஓடின. அவருடைய மாணவர்களுக்கு அவர் காலையில் வானொலியிலும் பகலில் கரும்பலகைக்கு முன்பும் மாலையில் மறுபடி வானொலியிலும் இருந்தார். ஒருவருடைய பேச்சை நாள் முழுக்க அப்படிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்த இடங்களெல்லாம் தங்களுக்கும் உரியவை என்ற எண்ணம் சொல்லாமலே வந்திருக்கும்.

அது வெறும் எண்ணமாக நின்றுவிடவும் இல்லை. அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் ரூஃபஸ் தாமஸ். ஆசிரியருக்குப் பிறகு பேலஸ் திரையரங்கப் போட்டியை நடத்தியவர் அவர். துணி ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே அதே வானொலி நிலையத்தில் அறிவிப்பாளரானார். பின்னர் நாடறிந்த பாடகராகவும் ஆனார். பி.பி. கிங்கும் அந்த நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர்தான். வில்லா மன்றோ, மார்த்தா ஜீன் ஸ்டைன்பெர்க் போன்ற பெண்களும் அங்கே ஒலிவாங்கிக்கு முன் அமர்ந்தார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணாக மட்டுமே கறுப்பினப் பெண்ணைக் கண்ட ஊரில், அவர்களின் குரலை ஆயிரக்கணக்கான வீடுகள் காத்திருந்து கேட்டன.

நாட் டி. தன் கறுத்த நிறத்தைப் பற்றித் தானே வேடிக்கையாகப் பேசுவார். அன்று கறுப்பின மக்களுக்குள்ளேயே வெளுத்த நிறத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. தோலை வெளுக்க வைக்கும் களிம்பு விளம்பரங்கள் அவர்களுடைய பத்திரிகைகளிலேயே வந்தன. அப்படிப்பட்ட காலத்தில், ஊரே விரும்பிக் கேட்கும் ஒருவர் தன் கறுப்பைச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தாழ்வு எதுவும் இல்லை. வெட்கப்பட வைப்பதற்காகப் பிறர் பயன்படுத்திய ஒன்றை அவர் தன் உரிமைப் பொருளாக எடுத்து வைத்துக்கொண்டார்.

சிரிப்போடு சிந்தனையும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் நடத்திய கலந்துரையாடல் நிகழ்ச்சியில் கறுப்பின மக்களின் பிரச்சினைகளை அவர்களே பேசினார்கள். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வானொலிக் கல்வி அமைப்பு அதற்கு விருது அளித்தது. தொலைந்த பொருள், காணாமல் போன ஆள், தேவாலயக் கூட்டம் என்று மக்கள் கொண்டுவந்த அறிவிப்புகளையும் நிலையம் ஒலிபரப்பியது. நாட்டாண்மைக்காரர் வீட்டுத் திண்ணையிலும் நகராட்சி அலுவலகத்திலும் கேட்பாரற்ற மக்களுக்கு, கேட்க ஒரு காது கிடைத்தது. நிலையம் ஆண்டுதோறும் இசை விழா நடத்தி நன்கொடை திரட்டியது. உடல் ஊனமுற்ற கறுப்பினப் பிள்ளைகள் பள்ளி செல்ல அந்தப் பணத்தில் பேருந்து வாங்கப்பட்டது. நகரம் செய்திருக்க வேண்டிய வேலை அது.

அவர் இன்னும் கடுமையாகப் பேசியிருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். வெள்ளையருக்குச் சொந்தமான நிலையத்தில், மாநகரப் பள்ளியின் சம்பளத்தில் இருந்தவருக்கு எல்லை இருந்தது உண்மைதான். அந்த எல்லையை நாட் டி. ஒரே தாவலில் கடக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வைத்தார். இரண்டுக்கும் ஆட்கள் தேவை என்பதே நமது எண்ணம். உரத்துப் பேசுகிறவர்கள் வரும்போது, தலைநிமிர்ந்து கேட்கப் பழகிய மக்கள் அங்கே இருக்க வேண்டும் அல்லவா?

அந்த நாளும் மெம்ஃபிஸில் வந்தது. 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்கு ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள், குப்பை வண்டியின் நசுக்கும் இயந்திரத்தில் சிக்கி இறந்தார்கள். பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தாமும் மனிதரே என்று எழுதிய அட்டைகளை ஏந்தி நடந்தார்கள். அவர்களுக்குத் துணைநிற்க வந்த மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4 அன்று அந்நகரத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சில நாட்களில் மாநகராட்சி இறங்கிவந்து தொழிற்சங்கத்தை ஏற்றது. அந்தப் போராட்டத்தை வானொலி உண்டாக்கியது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அட்டை ஏந்தி நடந்தவர்கள், தங்களைப் போன்ற ஒருவரின் குரலை இருபது ஆண்டுகளாக வானொலியில் கேட்ட ஊரின் மக்கள்.

நாட் டி. 1972இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். 42 ஆண்டு ஆசிரியப் பணியும் வானொலிப் பணியும் அத்துடன் நின்றன. 1983இல் காலமானார். அவர் மகளும் அதே நிலையத்தில் பணியாற்றியவர்.

அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கில் படித்தவர். 1946இல் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, அவர்களுடைய போராட்டத்தைப் பற்றிக் கேட்டறிந்தவர். அந்த மக்களின் வரலாற்றில் நமக்குப் பாடம் உண்டு என்பதை அவரே காட்டியிருக்கிறார். தலைவர்களின் வரலாற்றோடு நாட் டி. போன்ற வாத்தியார்களின் வரலாற்றையும் நம் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

இன்று ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருக்கிறது. பேசுவதற்கு யாரும் சைகை காட்டக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் கல்லூரி மேடையில் வாய் திறக்கும்போது, நம் தெருவின் பேச்சு வந்துவிடுமோ என்று நாக்கைக் கடித்துக்கொள்ளும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். தயார் செய்தது மறந்துபோனால் போகட்டும். ஒருமுறை சிரித்துவிட்டு, உங்கள் பேச்சிலேயே பேசத் தொடங்குங்கள். மெம்ஃபிஸில் அந்த வாத்தியார் அப்படித்தான் தொடங்கினார்.