நூலில் தொங்கிய படிகம்



லேப்பில் கருவி பத்தலைன்னு முணுமுணுக்காதவர் நம்மில் யார்? நானும் முணுமுணுத்தவன்தான். டார்ஷன் பெண்டுலம் சோதனையில் கம்பியை முறுக்கிவிட்டு, எப்படா பெல் அடிக்கும்னு காத்திருந்தவன். கே.எஸ்.கிருஷ்ணனின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்தக் கம்பியை நான் அலட்சியமாகப் பார்ப்பதில்லை.

அவர் 1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரையிலும் சென்னையிலும் படித்து, சென்னை கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் ஆனார். மதியச் சாப்பாட்டு வேளையில் மாணவர்கள் எந்தச் சந்தேகத்தையும் அவரிடம் கேட்கலாமாம்! பிறகு கல்கத்தா போய் சி.வி.ராமனிடம் சேர்ந்தார். 1928-ல் ராமன் விளைவைக் கண்டுபிடித்தபோது கூடவே உழைத்தவர். 1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் வந்தது. கிருஷ்ணனோ டாக்காவில் அடுத்த வேலையில் மூழ்கியிருந்தார்.

அது என்ன வேலை? மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சின்னப் படிகத்தைக் கட்டி, காந்தப் புலத்தில் தொங்கவிடுவது. படிகம் எல்லாத் திசையிலும் ஒரே அளவு காந்தமாவதில்லை. அதனால் தனக்குப் பிடித்த திசைக்குத் திரும்பி நிற்கும். இழையின் மேல்முனையை முறுக்கிக்கொண்டே போனால், ஒரு கோணத்தில் படிகம் சட்டென்று புரளும். அந்தக் கோணத்திலிருந்து திசைக்குத் திசை உள்ள காந்த வேறுபாடு கிடைக்கும். உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன, எலெக்ட்ரானின் தற்சுழற்சி அதன் பாதையோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதற்கெல்லாம் அதுவே துப்பு!

1940-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். 1961-ல் மறைந்தார்.

அவர் வழி மறையவில்லை. யுரேனியம், ருத்தேனியம், சிலிக்கன் சேர்ந்த ஒரு படிகம் சுமார் மைனஸ் 256 டிகிரியில் ஏதோ ஓர் ஒழுங்குக்கு மாறுவது 1985-ல் தெரியவந்தது. என்ன ஒழுங்கு என்று பிடிபடாததால் 'மறைந்த ஒழுங்கு' என்றே பெயர் வைத்தார்கள். 2011-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதைக் காந்தப் புலத்தில் வைத்து, முறுக்கு விசையைத்தான் அளந்தார்கள்! இழைக்குப் பதில் நுண்ணிய கேண்டிலீவர். நாலு பக்கமும் சமமாயிருக்க வேண்டிய படிகத்தில் எலெக்ட்ரான்கள் அந்தச் சமத்தைக் கலைப்பதாகச் சொன்னார்கள். விவாதம் இன்னும் முடியவில்லை.

நண்பர்களே, அடுத்த முறை கம்பியை முறுக்கும்போது ரீடிங்கைப் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதாதீங்க. நான் விட்டுட்டேன்.