குறையற்ற ஊரைத் தேடியவர்

பசியும் அறியாமையும் சண்டையும் இல்லாத ஒரு சமுதாயத்தை மனிதரால் உருவாக்க முடியுமா? இக்கேள்வியைப் பலர் எண்ணிப் பார்த்துள்ளனர், நூல்களும் எழுதியுள்ளனர். ஆனால், தம் செல்வத்தையும் வாழ்நாளையும் செலவிட்டு அதனைச் செய்து பார்க்கத் துணிந்தவர் சிலரே. அவர்களுள் ஒருவர் இராபர்ட் ஓவன்.

ஓவன் 1771ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் நியூடவுன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தை குதிரைச் சேணம் செய்து விற்பவர். ஓவன் சிறுவயதிலேயே நூல்களை விரும்பிப் படித்தார். ஆசிரியருக்கு உதவியாக மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு விரைவாகக் கற்றார். எனினும், அவருடைய பள்ளி வாழ்க்கை நீடிக்கவில்லை. பத்து வயதில் வீட்டை விட்டுப் புறப்பட்டுத் துணிக்கடை ஒன்றில் வேலை பழகச் சென்றார். கடை முதலாளியின் வீட்டில் இருந்த நூல்களே அதன்பின் அவருக்குப் பள்ளியாயின.

அக்காலத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் நூற்பாலைகள் பெருகி வந்தன. அங்குச் சென்ற ஓவன், ஏறத்தாழ இருபது வயதிலேயே 500 தொழிலாளர் பணியாற்றிய ஆலை ஒன்றின் மேலாளரானார். இயந்திரங்கள் முதலாளிகளுக்குப் பெருஞ்செல்வத்தைக் குவித்தன. ஆனால், அவற்றை இயக்கியவர்களின் நிலை இரங்கத்தக்கதாக இருந்தது. விளையாட வேண்டிய வயதில் சிறுவர்கள் பஞ்சுத்தூசி நிறைந்த கூடங்களில் நாள் முழுவதும் உழைத்தனர். இயந்திரங்களைத் துடைத்துப் பேணும் முதலாளிகள், அவற்றின் அருகில் நிற்கும் மனிதரைப் பேணாதது ஏன் என்று ஓவன் சிந்திக்கத் தொடங்கினார்.

1799ஆம் ஆண்டில் அவர் தம் பங்காளிகளுடன் சேர்ந்து, ஸ்காட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையில் இருந்த நியூ லானார்க் நூற்பாலையை 60,000 பவுண்டுக்கு வாங்கினார். ஆலையின் உரிமையாளராக இருந்த டேவிட் டேலின் மகள் கேரலைனை அதே ஆண்டில் மணந்துகொண்டார். ஆலையைச் சார்ந்து ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் சுமார் 500 பேர், ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட சிறுவர்கள். ஊரில் குடிப்பழக்கமும் திருட்டும் மலிந்திருந்தன. தொழிலாளர்கள் புதிய மேலாளரை ஐயத்தோடு நோக்கினர்.

ஒருவரின் குணத்தை அவர் வளரும் சூழலே உருவாக்குகிறது என்பது ஓவனின் உறுதியான நம்பிக்கை. தீயவரைத் தண்டிப்பதைவிடத் தீமை முளைக்கும் சூழலை மாற்றுவதே முறை என அவர் கருதினார். எனவே, ஊரில் வீடுகளையும் தெருக்களையும் சீர்ப்படுத்தினார். தரமான பொருள்களைக் குறைந்த விலையில் விற்கும் கடையைத் திறந்தார். ஆதரவற்றோர் இல்லங்களிலிருந்து சிறுவர்களைப் பெறுவதை நிறுத்தினார். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஆலையில் சேர்க்க மறுத்தார். வேலை நேரத்தையும் படிப்படியாகக் குறைத்தார்.

ஆலையில் அடியும் வசையும் நின்றன. அவற்றுக்கு மாற்றாக, ஒவ்வொரு தொழிலாளரின் அருகிலும் நான்கு பக்கங்களைக் கொண்ட சிறு மரக்கட்டை தொங்கவிடப்பட்டது. வெள்ளை, மஞ்சள், நீலம், கறுப்பு என ஒவ்வொரு பக்கத்திற்கும் ஒரு நிறம் தீட்டப்பட்டிருந்தது. முதல் நாள் வேலை மிகச் சிறப்பாக இருந்தால் வெள்ளைப் பக்கமும், மோசமாக இருந்தால் கறுப்புப் பக்கமும் முன்னால் திருப்பி வைக்கப்படும். நடந்து செல்லும் ஓவன் எவரையும் கடிந்துகொள்வதில்லை. அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

தொழிலாளரின் ஐயம் தீர ஒரு நெருக்கடி வர வேண்டியிருந்தது. அமெரிக்காவிலிருந்து பஞ்சு வருவது தடைபட்டபோது நியூ லானார்க் ஆலை நான்கு மாதங்கள் நின்றது. அந்நான்கு மாதங்களுக்கும் ஓவன் முழு ஊதியத்தைக் கொடுத்தார். அதற்கு 7,000 பவுண்டுக்கும் மேல் செலவானது. அதன்பின் அவருடைய சொல்லை ஊர் நம்பியது.

1816ஆம் ஆண்டின் முதல் நாளில் ஓவன் ஊருக்குப் புதிய கல்விக்கூடம் ஒன்றைத் திறந்து வைத்தார். நன்றாக நடக்கத் தொடங்கிய குழந்தைகள்கூட அங்குச் சேர்க்கப்பட்டனர். அவர்களை எவரும் அடிக்கக் கூடாது. கடுஞ்சொல் பேசவும் கூடாது. பாட்டும் ஆடலும் படங்களும் இயற்கைப் பொருள்களும் அவர்களுக்குப் பாடமாயின. மாலையில் பெரியவர்களும் கற்றனர். இத்தனை செலவுக்குப் பின்னும் ஆலை இலாபம் ஈட்டியதைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வந்தனர். பின்னாளில் உருசியப் பேரரசரான நிக்கோலசும் அவர்களுள் ஒருவர்.

பிற ஆலைகளிலும் சிறுவர்களைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்று ஓவன் வாதாடினார். 1819ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், ஒன்பது வயதுக்குட்பட்டவர்களைப் பருத்தி ஆலைகளில் அமர்த்தக் கூடாது எனச் சட்டம் இயற்றியது. ஆயினும், அச்சட்டம் ஓவன் கேட்டதைவிட மிகவும் வலுவிழந்திருந்தது. அதனை நடைமுறைப்படுத்தச் சரியான கண்காணிப்பும் இல்லை. மேலும், நியூ லானார்க்கின் நன்மைகள் அனைத்தும் தம் ஒருவரின் விருப்பத்தைச் சார்ந்தே நிற்பதையும் ஓவன் உணர்ந்திருந்தார். ஆலையின் முடிவுகளில் தொழிலாளர்களுக்குப் பங்கில்லை. ஆகவே, அனைவரும் உழைத்து அனைத்தையும் பொதுவில் பகிர்ந்து வாழும் ஓர் ஊரைப் புதிதாகவே அமைக்க அவர் முடிவு செய்தார்.

1825ஆம் ஆண்டில், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் வாபாஷ் ஆற்றங்கரையில் அமைந்திருந்த ஓர் ஊரை அவர் முழுமையாக விலைக்கு வாங்கினார். வீடுகள், பட்டறைகள், வயல்கள், பழத்தோட்டங்கள் யாவும் அங்கு ஆயத்தமாக இருந்தன. ஊருக்கு நியூ ஹார்மனி என்று பெயர் சூட்டப்பட்டது. விரும்புவோர் எல்லாரும் வரலாம் என ஓவன் அழைப்பு விடுத்தார். சில மாதங்களில் ஏறத்தாழ 800 பேர் திரண்டனர். பெயர் பெற்ற அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் அங்குக் குடியேறினர்.

வந்தவர்கள் அனைவரும் ஒரே நோக்கத்தோடு வரவில்லை. உழைப்பை நம்பி வந்தவர்களோடு, உழைக்காமலேயே உண்ணலாம் என எண்ணியவர்களும் வந்தனர். பேசுவதற்குப் பலர் இருந்தனர். உழவும் தச்சும் அறிந்தவர்கள் போதவில்லை. யார் எவ்வளவு உழைத்தார், யாருக்கு எவ்வளவு உரியது என்னும் பூசல்கள் எழுந்தன. ஊர் பிறந்த சில வாரங்களிலேயே ஓவன் நெடுநாள் பயணமாகப் பிரிட்டன் சென்றுவிட்டதால், வழிநடத்தவும் ஆளில்லை. அவர் திரும்பி வந்தபின், 1826ஆம் ஆண்டில், அனைவரும் சமம் என்னும் புதிய அமைப்பு விதி ஏற்கப்பட்டது. ஆனால், மக்கள் சிறு குழுக்களாகப் பிரிந்தனர்.

அந்த ஊரில் மற்றொரு பெருங்குறையும் இருந்தது. அதன் தொடக்க விதிகள் கறுப்பின மக்களை உறுப்பினராக ஏற்கவில்லை. சமத்துவத்தைக் கொள்கையாகக் கொண்ட ஊரே தன் வாயிலில் சிலரைத் தடுத்து நிறுத்தியது. 1827ஆம் ஆண்டில் அம்முயற்சி முடிவுக்கு வந்தது. ஓவன் தம் செல்வத்தில் பெரும்பகுதியை இழந்தார். சூழலை மாற்றினால் மனிதர் மாறுவர் என்பதை நியூ லானார்க் ஓரளவு மெய்ப்பித்திருந்தது. ஆனால், அதற்குப் பல ஆண்டுக்கால உழைப்பும் பொறுமையும் தேவைப்பட்டன. நியூ ஹார்மனியில் அவர் அதே மாற்றத்தை ஒரே பாய்ச்சலில் எதிர்பார்த்தார்.

பிரிட்டன் திரும்பிய ஓவன் சோர்ந்துவிடவில்லை. தொழிலாளர்கள் தம் உழைப்பின் அளவுக்கேற்பப் பொருள்களைப் பரிமாறிக்கொள்ளும் நிலையத்தை 1832ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கினார். அதுவும் நிலைக்கவில்லை. இருப்பினும், அவருடைய கருத்துகள் எளிய மக்களிடையே வேரூன்றின. 1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில், 28 பேர் சிறுதொகையைச் சேர்த்துக் கடை ஒன்றைத் திறந்தனர். அவர்களுள் பலர் ஓவனின் கொள்கையைப் பின்பற்றியவர்கள். கடையில் மாவு, சர்க்கரை, வெண்ணெய் போன்ற சில பொருள்களே இருந்தன. ஆனால், பொருள்களில் கலப்படம் இல்லை; எடையில் மோசடி இல்லை. ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரே வாக்கு. இலாபம், வாங்கிய பொருளின் மதிப்புக்கேற்பப் பகிர்ந்தளிக்கப்பட்டது. தவறு நேர்ந்தால் உறுப்பினர்களே கூடி விதியைத் திருத்தினர். நியூ லானார்க்கில் முதலாளி ஒருவரின் கையில் இருந்த பொறுப்பு இங்கு அனைவரின் கைக்கும் வந்து சேர்ந்தது.

இராபர்ட் ஓவன் 1858ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள், தாம் பிறந்த நியூடவுனிலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 87. ரோச்டேல் கடையின் முறை பின்னர் உலகெங்கும் பரவியது. மலாயாவில் கூட்டுறவு இயக்கம் 1922ஆம் ஆண்டில் தொடங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்குவதற்காக, 1960ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இன்று மாணவர்களே உறுப்பினராக இருக்கும் பள்ளிக் கூட்டுறவுக் கழகங்களும் இதே மரபில் வந்தவையே.

குறையற்ற சமுதாயத்தை ஓவன் காணவில்லை. அவர் வாங்கிய ஊர் இரண்டு ஆண்டுகளில் கலைந்தது. ஆனால், குழந்தைகளை ஆலையிலிருந்து பள்ளிக்கு அனுப்பியதும், மக்கள் கூடித் தம் வாழ்வைத் தாமே நடத்தலாம் என்னும் நம்பிக்கையை விதைத்ததும் நிலைத்தன. அவற்றுள் எதுவும் ஒரே நாளில் முழுமை பெறவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அவற்றைச் சிறிது திருத்தியே அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்துள்ளது.