ஒரே போட்டோவில் ஆணும் பெண்ணும்... யார் இந்த ஜூலியன் எல்டிங்?

பழைய கறுப்பு வெள்ளை போட்டோ ஒன்று. இடப்பக்கம் கோட் சூட் போட்ட ஒரு ஆண். வலப்பக்கம் இடுப்பு சிறுத்த கவுனில், பெரிய தொப்பியோடு ஒரு பெண். அண்ணன் தங்கையோ என்று தோன்றும். இல்லை, இரண்டும் ஒரே ஆள்தான். பெயர் ஜூலியன் எல்டிங். நூறு வருஷத்துக்கு முன் அமெரிக்க மேடையில் கொடிகட்டிப் பறந்த ஸ்திரீபார்ட் நடிகர்.

1881-ல் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் பிறந்தவர். நிஜப் பெயர் வில்லியம் டால்டன். 1904-ல் நியூயார்க்கின் பிராட்வே மேடை ஏறினார். 1906-ல் இங்கிலாந்து மன்னர் ஏழாம் எட்வர்டு முன்பே நடித்துக் காட்டினார். அப்போது ஸ்திரீபார்ட் என்றாலே பெண்களைக் கிண்டலடிக்கும் காமெடிதான். எல்டிங் அதைச் செய்யவில்லை. நிஜமான, நாகரிகமான பெண்ணாகவே வந்தார். ஷோ முடிவில் விக்கைக் கழற்றும்போதுதான் பலருக்கு ஆண் என்றே தெரியும்.

இதன் பின்னால் ஷீமா என்கிற ஜப்பானிய உதவியாளரின் உழைப்பு இருந்தது. கார்செட்டை இறுக்கிக் கட்டி, பவுடர் போட்டு, விக் வைத்து முடிக்க மணிக்கணக்கில் ஆகும்.

எல்டிங்கின் அழகுக் குறிப்புகளுக்காகத் தனிப் பத்திரிகையே வந்தது. அவர் பெயரில் கோல்டு கிரீமும் விற்றது. வாங்கியது பெண்கள்! இன்றைய இன்ஃப்ளூயன்ஸர்கள் செய்வதை அவர் அப்போதே செய்துவிட்டார்.

ஆனால், மேடைக்கு வெளியே ‘இவன் ஆம்பளைதானா?’ என்ற பேச்சு வந்தால் தொழிலே போய்விடும். அதனால் பாக்ஸிங் போடுவது, சண்டைக்குப் போவது என்று ‘ஆம்பளை’ செய்திகளும் திட்டமிட்டுப் பரப்பப்பட்டன. அந்த ஜோடி போட்டோவுக்கும் இதே வேலைதான். கவுன் படம் டிக்கெட் விற்கும், கோட் படம் பெயரைக் காப்பாற்றும். அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் வாழ்க்கையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

1911-ல் வந்த ‘தி ஃபாசினேட்டிங் விடோ’ நாடகம் ஊர் ஊராக ஓடியது. அடுத்த வருஷமே நியூயார்க் 42-வது தெருவில் அவர் பெயரில் ஒரு தியேட்டர் திறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அங்கே அவர் ஒருமுறைகூட நடித்ததில்லை. 1917-ல் சினிமாவுக்கும் போனார். பிறகு மார்க்கெட் சரிந்தது.

1940-ல் நடந்ததுதான் கொடுமை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆண்கள் பெண் உடை போடச் சட்டத்தில் தடை. ஒரு கிளப்பில் நடிக்க அனுமதி கேட்டார், போலீஸ் தரவில்லை. ஒரு காலத்தில் மன்னர் முன் கவுனில் நின்ற மனுஷன், அன்று கோட் சூட்டில் மேடையேறினார். தன் பழைய கவுன்களைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டியே நடித்தார்.

அடுத்த வருஷம் மார்ச்சில் நியூயார்க்கில் இறந்துபோனார். வயது 59.

அந்த தியேட்டர் மட்டும் இன்னும் இருக்கிறது. 1998-ல் மொத்தக் கட்டடத்தையும் தண்டவாளத்தில் வைத்து சுமார் 170 அடி நகர்த்தினார்கள். இப்போது அது ஒரு மல்டிபிளெக்ஸின் முகப்பு. உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள், பழைய ஓவியம் ஒன்றில் மூன்று பெண்கள் இருப்பார்கள். மூவருமே எல்டிங்தான் என்று சொல்பவர்கள் உண்டு.